வேப்பமரத்தில் தொங்கிய பச்சைக் கூடை

சபையாருக்குத் தோத்திரம். நான் எழுந்து நின்று பேசுகிறவள் இல்லை என்று உங்களுக்கே தெரியும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள்.

போன ஆவணி மாதம். தீபாவளி ஆர்டர் நெருக்கடி. காலை பதினொரு மணி இருக்கும். வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால், என் மகள் எஸ்தர் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனிப் பக்கம் புகை. எனக்கு அவள் ஒருத்திதான். முப்பத்தொரு வயது. அவள் அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

பக்கத்து வீட்டு மாரியம்மாள் எஸ்தருக்குப் போன் போட்டாள். "மணி அடிக்குது மதினி, எடுக்க மாட்டேங்கா." இரண்டு பேரும் ஓடினோம்.

தீப்பொறி வந்துவிடும் என்று கம்பெனிக்குள் போனும் கொலுசும் கொண்டுபோகக் கூடாது. பெண்கள் அதையெல்லாம் சாப்பாட்டுக் கூடையில் போட்டு, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். தப்பி வந்தவர்கள் அவரவர் கூடையை எடுத்துக்கொண்டு அழுதபடி போனார்கள். கடைசியில் மூன்றே கூடைகள். அதில் பச்சை ஒயர் கூடை எஸ்தருடையது. மாரியம்மாள் மறுபடி போன் போட்டாள். கூடைக்குள்ளிருந்து மணி அடித்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எஸ்தரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள், உயிரோடு இருந்தாள். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். பிழைக்க வையும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். மூன்றாம் நாள் மத்தியானம் கண்ணைத் திறந்தாள்.

"எம்மா, பயமா இருக்கு. சத்தமா ஜெபம் பண்ணு."

"வார்டுல அம்புட்டுப் பேரு இருக்காகளே தாயி."

"நீ மனசுக்குள்ள பண்ணுனா ஆண்டவருக்குக் கேக்கும். எனக்குக் கேக்க வேண்டாமா?"

கட்டில் ஓரத்தில் முட்டி போட்டேன். வாயைத் திறந்தேன். பிழைக்க வையும் என்று சொல்லத்தான் நினைத்தேன், நாக்கு அதைச் சொல்லவில்லை. "ஆண்டவரே, இவள நீங்கதான் குடுத்தீக. இவ பயப்படாம இருக்கணும்." திரும்பத் திரும்ப அதுதான் வந்தது. அவள் நெற்றிச் சுருக்கம் மெல்லப் போனது. "கேக்குதும்மா" என்றாள். சாயங்காலம் ஆண்டவர் அவளை எடுத்துக்கொண்டார். கடைசிவரை அந்த முகத்தில் பயம் திரும்ப வரவில்லை.

இவளை ஏன் எடுத்தீர், என்னை ஏன் விட்டீர் என்று இன்றைக்கும் கேட்கிறேன். பதில் வரவில்லை. ஆனால் அவர் கை தவறி என் பிள்ளையைக் கீழே போட்டுவிடவில்லை. அதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பயம் என்னை விடவில்லை. எங்கே சத்தம் கேட்டாலும் கதவைச் சாத்திக் காதைப் பொத்திக்கொள்வேன். இந்த மாசியில் மறுபடி ஒரு வெடி. மாரியம்மாள் மகள் வேலை பார்க்கிற கம்பெனி. "மதினி, வாங்க மதினி!" என்று அவள் வாசலில் நின்று கத்துகிறாள். எனக்குத் தாழ்ப்பாளை நீக்கக் கை வரவில்லை. நீரே கூட்டிக்கொண்டு போம் ஆண்டவரே என்றேன். எப்படிப் போனேனோ தெரியாது. தொங்குகிற கூடைகளுக்கு முன்னால், அவள் கையைப் பிடித்து, அத்தனை பேர் நடுவில் சத்தமாக ஜெபித்தேன்.

அரை மணி கழித்து அவள் மகள் உடம்பெல்லாம் புழுதியோடு வந்து தன் கூடையை எடுத்தாள். "எத்தே, நீங்களா கத்துனீக? சுவத்துக்கு அங்கிட்டு வரைக்கும் கேட்டுச்சு!" என்றாள். அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். மாரியம்மாளைப் பார்த்து, உன் பிள்ளை மட்டும் வந்துவிட்டாளே என்று என் மனசு கசக்கவில்லை. அது என்னால் ஆகிற காரியம் இல்லை, அவர் செய்தது.

நம் ஊரில் காலையில் கூடை மாட்டுகிறவர்களுக்குச் சாயங்காலம் தெரியாது. அவருக்குத் தெரியும். பயம் தெளிந்த பிறகு அவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள், நான் பயத்தோடேதான் போனேன். சபையில் கடைசி வரிசையில், பைபிளைப் பச்சை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நான்தான். பயமாக இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குக் கேட்கிற மாதிரியே ஜெபிக்கிறேன்.