விக்கி தேர்ந்தெடுத்த ஞாயிற்றுக்கிழமைகள்

மைசூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். படித்து வந்த தொழில் இல்லை, திருகாணியைக் கழற்றிக் கழற்றிக் கற்றது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் ஓர் அறிஞன். பள்ளி நூலகங்களுக்காக நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் செய்கிறோம். இலவசம், யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். சின்னக் குறை ஒன்றுதான். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தெரிந்தவர் எங்களில் ஒரே ஒருவர், கொள்ளேகாலிலிருந்து இங்கே வேலைக்கு வந்த பெண். அவரும் வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பவிருந்தார்.

சாமராஜநகர் பக்கத்து வாத்தியார் ஒருவர் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். "சார், ஸ்கூல் திறக்கறதுக்குள்ள லைப்ரரி ஓடலைன்னா கம்ப்யூட்டரை ஆபீஸ் ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அங்க போனது திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல சார்."

சரி, ஏற்றும் முறையை எழுதிவைத்துவிடலாம் என்றோம். அந்தப் பெண்ணும் தயார். "எதுல எழுதட்டுங்கண்ணா?" என்று மட்டும் என்னைக் கேட்டார். கேட்டிருக்கவே கூடாது.

எழுத விக்கி வேண்டுமே, எல்லோரும் எழுதித் திருத்தும்படியான இணையதளம்! எங்கள் குழுவிலிருந்த ஐடி கம்பெனிக்காரர் டேட்டாபேஸ் உள்ள விக்கிதான் வேண்டும் என்றார். "நாளைக்கே பத்தாயிரம் பக்கம் வந்தா என்ன பண்ணுவீங்க?" எங்களிடம் அரைப் பக்கம்கூட இல்லை என்று சொல்லி அவர் கனவைக் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை. குழுவின் இன்னொருவர், கல்லூரி விரிவுரையாளர், பாய்ந்தார். "டேட்டாபேஸ் படுத்துடுச்சுன்னா உன் பத்தாயிரமும் கோவிந்தா, குரு! வெறும் ஃபைலா சேமிக்கிற விக்கிதான் சரி."

எங்கள் குழுவில் ஓட்டெடுப்பு கிடையாது; கடைசி ஆள் தலையாட்டும்வரை பேச வேண்டும். அதனால் கண்ணில் பட்ட விக்கியையெல்லாம் நிறுவிப் பார்த்தோம். சோதனைக்கு ஏதாவது எழுத வேண்டாமா? எந்த விக்கி உயர்ந்தது என்ற ஒப்பீட்டையே எல்லாவற்றிலும் எழுதினோம். அட்டவணை, படம், அடிக்குறிப்பு எல்லாம் உண்டு. அவ்வளவு அழகான ஆவணம் எங்கள் திட்டத்தில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

நாங்கள் கூடும் ஓட்டலில் தோசை கொண்டுவருபவர் தர்மபுரிக்காரர். ஒருநாள் தட்டை வைத்துவிட்டு, "ஏன் சார், இன்னும் பொண்ணு பாத்தே முடியலையா?" என்றார். அந்த வாக்கியத்தை மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன். சபையில் அவிழ்க்கத்தான் தைரியம் வரவில்லை.

வளைகாப்புக்கு எல்லோரும் போனோம். முழங்கை வரை வளையலோடு அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டார்.

"முடிவு பண்ணிட்டீங்களாண்ணா? வெளிய கார் வந்து நிக்குதுங்க."

"கிட்டத்தட்ட ஆயிடுச்சும்மா. தேடும் வசதியில மட்டும் ஒரு சின்னச் சிக்கல்..."

பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து அந்தச் சின்னச் சிக்கலைத்தான் ஐடி கம்பெனிக்காரரும் விரிவுரையாளரும் உரக்கத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அவர்களைப் பார்த்தார். கையை நீட்டி என் போனை வாங்கினார். பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினார்.

"வாத்தியாருங்களா? கம்ப்யூட்டரை அணைச்சுட்டு நாங்க அனுப்பின பென் டிரைவைச் சொருகுங்க. ஆன் பண்ணினா கறுப்பா ஒரு ஸ்கிரீன் வருமுங்க, பயந்துக்காதீங்க..."

சொல்லி முடித்துக் காரில் ஏறிப் போய்விட்டார். அந்தப் பதிவை வாத்தியாருக்கு அனுப்பினேன். பள்ளி திறந்த அன்று அவரிடமிருந்து போட்டோ வந்தது. கம்ப்யூட்டர் நூலகத்திலேயே இருந்தது, திரையில் எங்கள் மென்பொருள்.

இன்றைக்கும் எங்களுக்கு இருக்கும் ஒரே கையேடு அந்தப் பதிவுதான். பள்ளி பள்ளியாகப் போகிறது. வளையல் சத்தம் கேட்கும். கறுப்பு ஸ்கிரீனைத் தாண்டும் இடத்தில், "பாயசம் இன்னும் கொஞ்சம் விடுங்க" என்று விரிவுரையாளர் குரல் கேட்கும். அதையும் ஏற்றும் முறையில் ஒரு படி என்று நினைத்து எந்த ஊரிலாவது யாராவது செய்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்கின்றன. ஒலிப்பதிவை ஏற்றிக்கொள்ளும் விக்கி எது என்பது இப்போதைய பிரச்சினை. நடுவில் கொள்ளேகாலிலிருந்து செய்தி வந்தது: "பொண்ணு பொறந்திருக்குதுங்கண்ணா. விக்கி முடிவாச்சுங்களா?"

"பேர் வைக்கறதுக்குள்ள முடிச்சுடுவோம்மா" என்று பதில் போட்டேன். குழந்தை இப்போது தவழ்கிறதாம்.