காலியாகத் தெரிந்த கட்டம்

தை 10, வெள்ளி.

முதலில் என் பிழையை எழுதிவிடுகிறேன். ஒரு கட்டம் காலியா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்தேன். சூத்திரம் கண்ணால் பார்ப்பதில்லை.

இனி எழுதுவது நேற்று மாலை 6.02 முதல் 6.16 வரை நடந்தது. நான் எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிறவள். சரிபார்த்த பிறகும் என்மேலேயே சந்தேகப்படுகிறவள். இதை நான்கு தரம் யோசித்துவிட்டேன். நடந்தது நடந்ததுதான்.

களுதாவளையில் மாலை நேரக் கணினி வகுப்பு. எனக்குப் பக்கத்துக் கதிரை பெரியகல்லாற்றுக் கம்சாயினிக்கு. எங்கள் இருவருக்கும் ஒரே பயிற்சி: வாவியின் நீர்மட்டத்தை நாளாந்தம் பதியும் ஷீட். எனக்கு அது வெறும் பயிற்சியல்ல. பழுகாமத்தில், வாவியோரத்துத் தாழ்ந்த வட்டையில், அப்பாவுக்கு மூன்று ஏக்கர் வயல். இந்த ஷீட்டில் மட்டம் ஐந்து அடியைத் தாண்டினால், கடலோரத்தில் மணல் அடைத்துக் கிடக்கும் முகத்துவாரத்தை வெட்டிவிடும்படி கமக்காரர் சங்கம் கேட்கும். வெட்டினால் தண்ணீர் கடலுக்கு வடியும். தாண்டியது தெரியாமல் போனால், கதிர் வரப்போகும் பயிர் மூழ்கும்.

ஷீட்டில் மூன்று நிரல்கள். முதலாவது கணக்கு: மழையையும் குளத்தில் திறக்கும் தண்ணீரையும் வைத்துக் கணினி போடுவது. இரண்டாவது கையளவு: ஓடத்துறையில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தை ஒருவர் பார்த்து எழுதுவது. மூன்றாவது முடிவு. அதில்தான் ‘இஃப்’ சூத்திரம். கையளவுக் கட்டம் காலியென்றால் கணக்கை எடு. காலியில்லையென்றால் கையளவை எடு.

“மனிசர் கண்ணால பாத்தது இருந்தா அதுதான் மேல” என்பார் வகுப்பெடுக்கும் பஹீமா மிஸ்.

முன்பு கம்பம் பார்த்தவர் சிவபாதம் அண்ணன். துறையில் நின்றபடியே போனில் எழுதுவார். ஆனால் எண்ணை எழுதுவதற்குச் சற்று முன்பே கட்டத்தில் ஒரு ஸ்பேஸ் மட்டும் அடித்து வைத்துவிடுவார். கட்டம் காலிபோலத் தெரியும். சூத்திரத்துக்கு அது காலியில்லை. முடிவும் வெறுமையாகிவிடும். ஏன் அண்ணன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

“பொறு புள்ள. நான் வந்து நிக்கிறன் எண்டு அர்த்தம். அலை அடங்கினாத்தானே எண்ணைப் பாக்கேலும்?”

கார்த்திகை 26ஆம் திகதி, எண் எழுதிப் பத்து நிமிடத்தில், வாவியில் விழுந்து இறந்தார். முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்ததும் அவருடைய பெயரை ஷீட்டிலிருந்து நான்தான் நீக்கினேன். அதன் பிறகு அதில் எழுத முடிந்தவர்கள் இரண்டே பேர்: நானும் கம்சாயினியும்.

“துறை எங்கட வீட்டுப் பக்கம்தானே, நான் பாக்கிறன்கா” என்று அவர் இறந்த மறுநாளே கம்சாயினி பொறுப்பெடுத்திருந்தாள். ஒருநாள் தவறாமல் எண் வந்தது.

இந்தக் கிழமை கணக்கு 4.9, 5.2, 5.4 என்று ஏறியது. கையளவு 4.2, 4.3, 4.2. வரம்பில் தண்ணீர் தட்டுகிறது என்றார் அப்பா. “ஆள் போய்ப் பாத்த அளவப்பா, நாலு ரெண்டுதான்” என்று அவர் வாயை அடைத்தேன். போன ஞாயிறு கம்சாயினி எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். அப்பாதான் அவளுக்கு மீன் எடுத்து வைத்தார்.

நேற்று மாலை 6.02. கம்சாயினியிடம் கேட்டேன்.

“இண்டைக்குப் பாத்தியாகா?”

“ஓம். வரக்குள்ள பாத்தன். நாலு ரெண்டு. பொறு, எழுதுறன்.”

அவள் போன் மேசையில் கிடந்தது. திரை கறுப்பு. இன்றைய கையளவுக் கட்டம் காலி. அப்படியென்றால் முடிவில் கணக்கின் 5.6 நிற்க வேண்டும். நிற்கவில்லை. வெறுமை.

சூத்திரத்தைப் பார்த்தேன். சரி. கட்டத்துக்குள் போனேன். உள்ளே ஒரு ஸ்பேஸ்.

நான்தான் தெரியாமல் அழுத்தியிருப்பேன் என்று நினைத்தேன். 6.05க்கு அழித்தேன். முடிவில் 5.6 வந்தது.

6.06. மறுபடி வெறுமை.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

சளக்... சளக்...

மரத்தில் தண்ணீர் தட்டும் சத்தம். மேசைக்குக் கீழிருந்து. குனிந்து பார்த்தேன். காய்ந்த சீமெந்துத் தரை.

“உனக்குக் கேக்குதா?”

கம்சாயினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சளக்...

பிறகு சத்தம் அடங்கியது.

6.09. கட்டத்தில் எண் விழுந்தது. 5.9.

மேல் கட்டத்தில் 4.2 மறைந்தது. வெறுமை... 5.7.

அதற்கு மேல். வெறுமை... 5.5.

“இதெல்லாம் நீ பாத்து எழுதினதுதானே?”

“மூணு நாள்தான்கா. சத்தியமா. வெட்டினா அப்பா புடிக்கிற இறாலெல்லாம் கடலுக்கு ஓடிரும். சனி வரைக்கும் குறைச்சிப் போடு எண்டார்.”

“எங்கட வட்டைக்குத் தண்ணி ஏறுறது தெரிஞ்சுமா?”

“தெரியும்.”

மூன்று நாளோடு எண்கள் நிற்கவில்லை.

நான்காவது நாள் மாறியது.

பத்தாவது.

இருபதாவது.

மார்கழி முழுவதும்.

கார்த்திகை 27 வரை ஏறி... அங்கே நின்றது.

6.16.

மாற்றங்களின் பதிவைத் திறந்தேன். 6.05க்கு நான் அழித்தது இருந்தது. அதன் பிறகு ஒன்றுமே பதிவாகவில்லை. கம்சாயினி புத்தகங்களை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இன்று காலை 7 மணிக்கு அப்பாவும் நானும் சங்கத்துக்குப் போனோம். எண் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. பாலத்தடித் தூணில் கீறியிருக்கும் மட்ட அடையாளத்தைப் பார்த்துவர ஆள் அனுப்பினார்கள். 5.9. முற்பகல் 11.40க்கு முகத்துவாரம் வெட்டப்பட்டது. அதற்குள் எங்கள் கீழ்வயல் மூழ்கிவிட்டது. மேல்வயலில் பயிரின் நுனி மட்டும் தெரிகிறது.

பின்னேரம் 4.20க்கு ஓடத்துறைக்குப் போனேன். கம்பத்தை ஒருமுறையாவது என் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. கம்பத்தைக் காணவில்லை. வலை காயவைத்துக்கொண்டிருந்த விஜிதரன் அண்ணனிடம் கேட்டேன்.

“கம்பமா? அது சிவபாதம் அண்ணன் விழுந்த அண்டைக்கே அடியோட முறிஞ்சி போச்சே. புடிச்சிக்கொண்டு விழுந்திருக்கார். கட்டிப் புடிச்சபடிதான் மனிசனை எடுத்தம். கம்சாயினிட அப்பாவும்தான் தூக்கினவர். அவள் கரையில நிண்டு பாத்தவள். சொல்லல்லையா?”

சொல்லவில்லை.

நாற்பத்து மூன்று நாள் அவள் எண் எழுதினாள். பார்ப்பதற்கு அங்கே கம்பமே இருக்கவில்லை.

நாளை, சனி: காலை 6.30க்கு அப்பாவோடு வட்டைக்குப் போய், தப்பிய பயிர் எவ்வளவு என்று பார்த்துக் குறிக்க வேண்டும். அதற்கு முன், ஷீட்டிலிருந்து கம்சாயினியின் பெயரை நீக்க வேண்டும்.