பதினோராவது மேடையில் ஒரு பாட்டு

சவுண்ட் வேலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் எங்களை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். மைக் ஒருக்கால் கூவினால் பந்தலில் இருக்கிற முழுச் சனமும் கழுத்தைத் திருப்பும். கடையிலோ கந்தோரிலோ நின்று ஊராரிடம் பேச்சு வாங்குகிற ஆட்களுக்கு இது விளங்கும். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

வயர் சுருட்டின கதை

உயர்தரத்தில் கணிதம் எனக்குச் சரிவரவில்லை. ஒன்றரை வருசம் ரியூசன் கொட்டிலில் குந்தியிருந்துவிட்டு, போதும் என்று நின்றுவிட்டேன். அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நானும் நிரோசனும் சேர்ந்து எங்கள் சொந்த றொக் பாட்டு ஒன்றை உண்மையான மேடையில், உண்மையான ஸ்பீக்கரில் வாசிக்கவேண்டும். கிற்றாரும் பாட்டும் நான். ட்றம்ஸ் நிரோசன், கடற்கரைப் பக்கத்துப் பெடியன், தங்கள் கோயில் பாடகர் குழுவோடு அடித்துப் பழகினவன். எங்கள் பான்டில் இரண்டே பேர். மூன்றாவது ஆளைத் தேடினோம். கேட்ட எல்லாரும் வெளிநாடு போக இங்கிலீசுச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கலியாணம், செத்தவீடு, கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுக்கிற ஜெயமண்ணையின் கடை யாழ்ப்பாணம் ரவுணுக்குள் இருக்கிறது. போய் வேலை கேட்டேன். என் கிற்றாரை அவர் பார்க்கவே இல்லை. ஒரு நீட்டு வயரைத் தூக்கிப் போட்டு, சுருட்டு என்றார். நான் முழங்கையில் சுற்றினேன். மனுசன் கண்ணை மூடிக்கொண்டார். அப்படிச் சுற்றினால் உள்ளே முறுகி அறுந்துபோகும், கைக்குள் வளையம் வளையமாக விழவேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் படித்தேன். சம்பளத்தைக் கேட்காமல் மேடையைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பத்து மேடை பிழையில்லாமல் முடி. பதினோராவதிலை ஒரு பாட்டு. ஒண்டுதான் பிள்ளை, ரெண்டில்லை."

கனடாவை விட்டுவிட்டேன்

முதல் வேலை ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு கோப்பாயைச் சுற்றி மரண அறிவித்தல் வாசிக்கிறது. நல்லகாலம், ஓட்டோ மேடைக் கணக்கில் சேராது. "பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கினால், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று பேர்கள் ஒரு பக்கத்துக்கு நீளும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு நாடு. றோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் ஒரு மருமகன் இரண்டாக உடைவார். எனக்குப் பொறுமை இல்லை. ஆர் செத்தது, எத்தனை மணிக்கு எடுக்கிறது, எந்தச் சுடலை என்பது போதாதா? வெளிநாட்டுப் பேர்களை வெட்டிவிட்டு இரண்டு சுற்று வாசித்தேன்.

மூன்றாவது சுற்றில் செத்தவீட்டுப் படலைக்கு முன்னால் ஒருவர் ஓட்டோவை மறித்தார். இறந்தவரின் இளைய மகன். கனடாவில் இருக்கிற தமையனுக்குக் கேட்கட்டும் என்று, நாங்கள் போன இரண்டு தரமும் போனை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இப்போது அந்தப் போனை என்னிடம் தந்தார். கத்துவார்கள் என்று நினைத்துக் காதில் வைத்தேன். அந்த அண்ணை ஆறுதலாகத்தான் கதைத்தார்: "தங்கச்சி, கொள்ளி வைக்கத்தான் என்னாலை வரேலாமல் போச்சு. பேரையாவது ஒருக்கால் வாசிச்சு விடுங்கோ."

ஆறாவது மேடை

ஆறாவதை நான் தெரிந்துகொண்டேதான் இழந்தேன். சண்டிலிப்பாயில் ஒரு சாமத்திய வீடு, ஒரு பிள்ளை பெரியவளானதுக்குச் செய்கிற சடங்கு. பந்தலுக்குள் ட்றோன் கமரா பறக்கிற அளவுக்குப் பெரிய எடுப்பு. மென்மையான பாட்டு மட்டும் போகவேண்டும் என்று தகப்பன் எழுதித் தந்திருந்தார். நடுவில் நான் ஒரு றொக் பாட்டை, ட்றம்ஸ் தொடங்குகிற இடத்திலிருந்து, நாற்பது செக்கன் முழுச் சத்தத்தில் விட்டேன். ஆலத்தித் தட்டோடு வந்த மாமி அப்படியே நின்றுவிட்டா. தகப்பன் நான் சத்தம் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேசைக்கு ஓடிவந்தார். ஜெயமண்ணை தன் கணக்குக் கொப்பியில் ஆறு என்று எழுதியிருந்ததை ஐந்து ஆக்கினார்.

காரணத்தை அவருக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். நாலு மணித்தியாலத்தில் மூன்று சீலை மாற்றி, கொண்டை பாரத்தில் கழுத்தை அசைக்கமுடியாமல் இருந்தாள் அந்தப் பிள்ளை. பதின்மூன்று வயசு. நான் மைக் வயரைச் சரிசெய்யக் கிட்டப் போனபோது, கமராவுக்குச் சிரித்தபடியே, உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "அக்கா, இங்கை நடக்கிற ஒண்டும் என்னைக் கேட்டு நடக்கேல்லை. எனக்கெண்டு ஒரு பாட்டுப் போடுங்கோவன், சத்தமா."

சத்தத்துக்கு எதிரான கூட்டம்

ரவுணில் ஒலிபெருக்கித் தொல்லை கூடிவிட்டது என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஸ்பீக்கர் எங்களுடையது. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்க முடியவில்லை, நோயாளிகள் படுக்க முடியவில்லை என்று அவர்கள் சொன்னதெல்லாம் உண்மை. நானே இரண்டு தரம் கைதட்டினேன். பாதியில் கறண்ட் போனது. வெளியே ஜெனரேற்றரைப் போட்டார்கள், அது தன் பாட்டுக்குக் கத்தியது.

தலைவர் ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். என்னைப் பார்த்துக் கையை மேலே மேலே தூக்கினார். கூட்டினேன். காணாது என்றார். இன்னும் கூட்டினேன். யன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கியது. மனுசன் மைக்கை விட்டு இறங்கி என்னிடமே வந்து, மரியாதையாகச் சொன்னார்: "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் விடுங்கோ. இந்தச் சத்தப் பிரச்சினை றோட்டாலை போறவைக்கும் கேக்கவேணும்."

பக்கத்து வீட்டு அன்ரி

பாட்டு எழுதின கதையையும் சொல்லவேண்டும். காதல் பாட்டு எனக்கு வராது. எங்கள் ஒழுங்கையைத் தண்ணிக் குழாய்க்கு ஒருதரம் தோண்டினார்கள், வயருக்கு ஒருதரம் தோண்டினார்கள். இரண்டாவது தரம் தோண்டினதை மூடவில்லை. மழைக்கு அதுக்குள் சைக்கிளோடு விழுந்து எழும்பிவந்து, ஈர உடுப்போடேயே எழுதினேன். "தோண்டினவை வரேல்லை, தோண்டினது மூடேல்லை" என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிற வரி.

ஒவ்வொரு பின்னேரமும் முற்றத்தில் நானும் நிரோசனும் பழகினோம். நிரோசனுக்கு ஒரு பிளாஸ்ரிக் வாளி. மூன்றாவது கிழமை பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் தலையை நீட்டினா. கிடுகுவேலிக் காலத்துச் சண்டை ஒன்று வருகிறது என்று நான் எழும்பி நின்றேன். அன்ரி சொன்னா: "பிள்ளை, ஒண்டில் அந்தப் பாட்டை முடியுங்கோ, இல்லாட்டி விடுங்கோ. மூண்டு கிழமையாக் குழிக்குள்ளை விழுறாய், எழும்புறாயில்லை. எனக்குச் சமைக்கேலாமல் கிடக்கு."

பதினோராவது

பதினோராவது மேடை நிரோசனின் தேவாலயப் பங்குத் திருநாளில் வாய்த்தது. பின்னேரக் கலைநிகழ்ச்சி, முன்னால் முழுக்கக் கடற்றொழில் குடும்பங்கள். வழக்கமாக மிக்சரில் இருக்கிறது நான். அன்றைக்கு நான் மேடையில் என்பதால் ஜெயமண்ணை மிக்சரில். என்னிடம் காலால் அமத்துகிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. அமத்தினால் கிற்றார் உறுமும், கரகரக்கும். றொக் பாட்டுக்கு உயிரே அதுதான். ஆனால் மைக் செக் பண்ணும்போது பங்குக் குருவான சுவாமி பக்கத்தில் நின்றார். வெட்கத்தில் அதை அமத்தாமல் விட்டுவிட்டேன். என் பிழைதான்.

நிரோசன் நாலு தட்டினான். பெட்டியை அமத்தி முதல் அடி அடித்தேன். உறுமியது. ஒரு செக்கன்தான், பிறகு ஒன்றுமில்லை. முப்பது வருசமாகக் கரகரப்பைத் தேடிக் கொன்ற மனுசன் எதுவும் யோசிக்காமல் என் கிற்றாரை வெட்டிவிட்டார். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். நிரோசன் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தான். சனம் முணுமுணுத்தது. முன்வரிசையில் மடியில் பிள்ளையோடு இருந்த ஒரு அக்கா, "கறண்ட் போகேல்லை, லைற் எரியுதே" என்றா. வேலை செய்தது பாட்டு மைக் மட்டும்தான். அதிலேயே சொன்னேன், முழுப் பங்குக்கும் கேட்டது: "ஜெயமண்ணை, அது பழுதில்லை. அது அப்பிடித்தான். விடுங்கோ."

அவர் மிக்சருக்குத் திரும்பக் குனிந்தார். பிறகு விரலால் மெல்ல மெல்ல ஏற்றினார், கொதிதண்ணிக்குள் கை வைக்கிற மாதிரி. பாட்டுப் போனது. இரண்டாம் தரம் "மூடேல்லை" வந்தபோது பின்னால் கொஞ்சப் பேர் சேர்ந்து சொன்னார்கள். மூன்றாம் தரம் எல்லாரும் சொன்னார்கள். அவர்களுடைய றோட்டையும் மூடவில்லைப் போல. கடைசி அடி முடிந்து இறங்கினபோது ஜெயமண்ணை முழங்காலில் நின்று ஸ்பீக்கருக்குக் காது வைத்து, ஏதும் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பிக் கையில் ஒட்டின தூசியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "பழுதுதான் பிள்ளை. ஆனால் தொடக்கத்திலை இருந்து முடியுமட்டும் ஒரே சீரான பழுது. உதைக் குழப்பாமல் வாசிக்கிறது லேசில்லை."

அடுத்த பாட்டுக்கு இருபது மேடை என்று மனுசன் இரக்கமில்லாமல் ஏற்றிவிட்டார், நானும் வெட்கமில்லாமல் ஓம் என்றுவிட்டேன்.