தாவூத் திரும்பி வராத ஆட்டம்

ஒட்டன்சத்திரம் மண்டியில் தக்காளிக் கூடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. மண்டிக்காரர் போனை வைத்துவிட்டு என் பக்கமாக வந்தார். "ஏனுங்க, திண்டுக்கல்லுல இருந்து பேசினாங்க. உங்க கூட சடுகுடு ஆடற பையன், தாவூத்துங்களாம், ஆட்டத்துலயே தவறிட்டானுங்களாம்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. "எவன் சொன்னான்? அவன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கத்தினேன். இருபத்திரண்டு வயதுப் பையன். காலையில் என்னை பஸ் ஏற்றிவிட்டு, "வெரசா வந்துருங்கண்ணே, நீங்க இல்லாட்டி ஆட்டம் உப்புச்சப்பில்லாமப் போயிரும்" என்று சொன்னவன். அந்தத் தக்காளி லாரியிலேயே ஏறி ஊருக்குப் புறப்பட்டேன். செத்தது வேறொரு தாவூத்தாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை போகட்டும் என்று வேண்டியிருக்கிறேன், பாருங்கள். ஆசை மனிதனை அப்படி ஆக்கிவிடுகிறது.

அவனோடு ஆடியவர்களுக்கு அவனைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திண்டுக்கல் பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் ராவுத்தரின் ஒரே மகன் தாவூத். ஒல்லியான உடம்பு. பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனால் பிடிபடுவான். பிடித்தவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். கொஞ்சம் துள்ளிவிட்டு, கை கால் துவண்டு அப்படியே கிடப்பான். அடடா, பையனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பிடித்தவன் கையைத் தளர்த்துவான். அவ்வளவுதான்! பாம்பு மாதிரி நழுவி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டுச் சிரிப்பான். "பொணம் மாதிரிக் கெடக்கணும்ணே. புடிச்சவனுக்கு நம்ம மேல பாவம் வரணும். பாட்ட மட்டும் விட்டுறக் கூடாது, உதட்டுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கணும்" என்பான். திருட்டுப் பயல்.

ஒரு தடவை சேவுகம்பட்டியில் ஆடிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தவன் நடுரோட்டில் சுருண்டு விழுந்தான். வலிப்பு என்று நினைத்து டீக்கடைக்காரரிடம் சாவிக்கொத்தை வாங்கி அவன் கையில் திணித்தோம். கண்ணைத் திறந்து, "செத்த நேரம் கண்ணு இருட்டிருச்சுண்ணே. வெறும் வயித்துல ஓடுனேன்ல" என்றான். இட்லி வாங்கிக் கொடுத்தோம். வெளுத்துக் கட்டினான். நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

அவன் தவறிய அன்றைக்கு ஆட்டம் மலைக்கோட்டை அடிவாரத்தில், சின்னாளப்பட்டிக்காரர்களோடு. அவர்கள் பக்கம் பெருமாள் என்றொரு பையன், சேலை நெய்கிறவன். தாவூத் அவனை இரண்டு தடவை இதே வித்தையில் ஏமாற்றியிருக்கிறான். அன்றைக்கும் தாவூத் பாடிக்கொண்டு போய்ப் பிடிபட்டு, துவண்டு கிடந்தான். மற்றவர்கள் விட்டும் பெருமாள் மட்டும் காலை விடவில்லை. "இம்புட்டு நடிப்பு வேணாம்டா தாவூத்து, இந்தத் தடவ ஏமாற மாட்டேன்" என்றானாம். சுற்றி நின்ற கூட்டம் விசிலடித்துச் சிரித்திருக்கிறது. அந்தச் சத்தத்தில் பாட்டு நின்றது யார் காதிலும் விழவில்லை. நம் ஆட்களும் சிரித்திருக்கிறார்கள். பிறகு யாரோ அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். சாவிக்கொத்து தேடி ஓடியிருக்கிறார்கள்.

இதயம் திடீரென்று நின்றுவிட்டது, பெருமாள் பிடித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சின்ன வயதிலும் சிலருக்கு இப்படி நேர்வதுண்டு என்று டாக்டர் சொன்னார். யார் நம்பினார்கள்? "இருபத்திரண்டு வயசுல மாரடைப்பா? யாரு காதுல பூச் சுத்துறாரு? அமுக்கிக் கொன்னுட்டான்யா" என்று தெருவே கொதித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ராவுத்தர் வீட்டு வாசலில் பெருமாளைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். யாரும் கூப்பிடாமல் அவனாகவே வந்திருந்தான். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். நான் உள்ளே புகுந்து தடுத்தேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

அப்போதுதான் தாவூத்தின் அம்மா நிலைப்படிக்கு வந்தார். முக்காடு நழுவிக் கிடந்தது.

"அந்தப் புள்ளைய விடுங்க. என் கூடப் பொறந்த தம்பி பதினெட்டு வயசுல கெணத்துல போனான். மீனு மாதிரி நீந்துறவன். குதிச்சவன் மேல வரல. முனி அடிச்சிருச்சுன்னு சொல்லிக் கெணத்தையே மூடுனீங்களே, அவன் கால யாரு புடிச்சா? சொல்லுங்கப்பா, யாரு புடிச்சா?"

சட்டையைப் பிடித்திருந்த கை தானாக இறங்கியது. எனக்குச் சேவுகம்பட்டி ரோடு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவன் விழுந்தது வெறும் வயிற்றினால் இல்லை.

மையவாடியில் அவன் குழிக்கு ஆளாளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். பெருமாள் சுவரோரமாக ஒதுங்கி நின்றான். ராவுத்தர் திரும்பிப் பார்த்து, "அங்க ஏன் நிக்கிற? வாப்பா, நீயும் போடு. என் மகன் கூட ஆடுன பய தானே நீ" என்றார். பெருமாள் மண்ணை அள்ளினான். போடக் கை வரவில்லை. ராவுத்தர்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட வைத்தார்.

அதற்குப் பிறகு பெருமாள் ஆடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மைதானத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணே, நான் விட்டுருந்தா பொழச்சிருப்பானா?"

"மாட்டான்டா. டாக்டரே சொல்லிட்டாருல்ல."

"தெரியும்ணே. ஆனா அவன் எந்திரிச்சு ஓடிருவான்னுதாண்ணே அம்புட்டுக் கெட்டியாப் புடிச்சேன்" என்றான்.

தாவூத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பாழாய்ப்போன பழக்கம். மண்டியில் மூட்டை மேல் சுமைக்காரர் யாராவது அசந்து தூங்கினால், நின்று அவர் உதட்டைப் பார்க்கிறேன். உதட்டுக்குள் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். நம் மைதானத்திலும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரும் சொல்லி வைத்ததல்ல. பிடிபட்டவன் கொஞ்சம் துவண்டால் போதும், எல்லாக் கைகளும் பதறிக்கொண்டு விட்டுவிடுகின்றன. தாவூத்து, இப்போது நீ ஆட வந்தால் உன்னைப் பிடித்து வைக்க ஒருத்தனும் இல்லையடா.