பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு பாலிசி

என் அப்பா இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். கரமனையில் எங்கள் தெருமுனையில் அவர் தலை தெரிந்தாலே ஆண்கள் கொல்லைப்புறமாக நழுவிவிடுவார்கள். நழுவ முடியாத ஓரிடம் உண்டென்று அவர் கண்டுபிடித்தார். அது எங்கள் வீட்டுக் கூடம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கையில் பஜ்ஜியை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவார்கள்?

அவர்கள் எண்ணெய்க் கையைத் துடைப்பதற்குள் ப்ரொபோசல் ஃபாரத்தை எடுத்துவிடுவார். கமிஷனுக்குக் கமிஷன். அதோடு, கையெழுத்துப் போட்ட பையனைக் கம்பெனி டாக்டர் பரிசோதிப்பார். மாப்பிள்ளையின் உடம்பு எப்படி என்று அப்பாவுக்குச் செலவில்லாமல் தெரிந்துவிடும். இரண்டு வரன்கள் பாலிசி எடுத்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. "பாலிசி வேணும்னா அவாத்துக்குப் பொண்ணு பார்க்கப் போங்கோ" என்று தெருவே சிரித்தது. ஆற்றுக்குக் குளிக்கப் போகவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று வீட்டுக்குள் இருந்தது. எனக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் வைத்துப் போய்விட்டது. பெண் பார்க்கும் நாட்களில் என் இடது பக்கம் சுவர் வரும்படி அம்மா பாயைப் போடுவாள். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பாள்.

மூன்றாவதாக வந்தவர் ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. கிழக்கேகோட்டையிலிருந்து தாயாரோடு வந்திருந்தார். நான் பாடி முடித்ததும், "சரணத்திலே பாதியை விட்டாச்சே, மறந்துபோச்சோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். என்னிடம் நேராகப் பேசிய முதல் வரன் அவர்தான். இவர் கிடைத்தால் போதும் என்று அந்த நிமிஷமே நினைத்துவிட்டேன்.

அப்பா ஃபாரத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "கேட்டேளா, இதிலே ஒண்ணையும் மறைக்கப்படாது. மறைச்சா பின்னாலே கம்பெனி சல்லிக்காசு தராது. கண்ணு, செவி, நெஞ்சு... குறை வல்லதும் உண்டோ?"

"ஒண்ணும் கிடையாது" என்று தாயார் முந்திக்கொண்டாள். அவரும் தலையாட்டினார்.

மறைக்கப்படாது என்று அப்பா சொன்னது என் நல்ல காதில் நன்றாகவே விழுந்தது. இந்த மனிதரை ஏமாற்றிவிட்டு அவர் வீட்டில் போய் எந்த முகத்தோடு வாழ்வது?

"எனக்கு இடத்தே செவி கேக்காது" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருடைய தாயார் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனாள். அவர் அவளைக் கையமர்த்திவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"அப்படின்னா என்னோடதையும் திருத்தி எழுதிக்கோங்கோ. மழைக்காலம் வந்தா எனக்கு மூச்சு இழுப்பு வரும். சொல்லப்படாதுன்னு அம்மாவாக்கும் சொல்லியிருந்தா." கொஞ்சம் தயங்கினார். "பொண்ணுக்கு அது பரவாயில்லேன்னா, எனக்கும் இது பரவாயில்லை."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாயார் தட்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். நான் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

அப்பா பேனாவை மூடினார். ஃபாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இழுப்புக்காராளைக் கம்பெனி எடுத்துக்காது" என்றார்.

"பாலிசி கிடக்கட்டும், மாமா. நான் பொண்ணைப் பத்தியாக்கும் பேசறேன்."

"நானும் அதைப் பத்தித்தான் பேசறேன்" என்றார் அப்பா.

வந்தவர் எழுந்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தாயாரை அழைத்துக்கொண்டு போனார். நான் பட்டுப்புடவையோடு பாயிலேயே இருந்தேன். செவிடு என்று ஊர் முழுக்கத் தெரியப்போவதில்கூட அவ்வளவு வெட்கமில்லை. அந்த மனுஷருக்கு மகளாகப் பிறந்ததில்தான் வெட்கமாக இருந்தது.