ஈயத்தாள் வாஷர்

தோட்டத்து மேனேஜரான தொரையின் பங்களாவிலிருந்து வந்த அந்தப் பொம்மைக் காரைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் நான் பிட்டர். ரோலர் மெசின் நின்றால் கூப்பிடுவார்கள், போய்ப் பார்ப்பேன். ரிமோட்டில் ஓடுகிற காரை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன். தொரையின் மனைவி தொரைசானியின் தம்பி லண்டனிலிருந்து தொரை மகளுக்குக் கொண்டுவந்தது. திரும்பும்போது கரகரவென்று அரைக்கிறதாம், சரிபார்த்துத் தர வேண்டுமாம்.

தொரைக்குக் கோபம் வந்தால் ஆளை நிறுத்திவிடுவார். வேலை போனால் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பிராவும் போகும். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

பின்சக்கரங்களுக்கு நடுவிலிருந்த டிஃபரன்சல் பெட்டியைத் திறந்தேன். லொறியில் இருக்கிற அதே சங்கதிதான். வளைவில் ஒரு சக்கரத்தை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் சுழலவிடும் பல்சக்கரங்கள். ஆனால் எல்லாம் கொத்தமல்லி அளவு. ஒரு பல்சக்கரத்தின் பின்னால் இருக்க வேண்டிய மெல்லிய வாஷர் இரண்டு துண்டாகக் கிடந்தது. அதனால்தான் பல்லோடு பல் சேராமல் வழுக்கியிருக்கிறது. நான் உடைக்கவில்லை. ஆனால் திறந்தது நான். யார் நம்புவார்கள்? ஒரு ஸ்குரூவைத் தவறவிட்டு, தேயிலைத் தூசுக்குள் மண்டியிட்டுத் தேடினேன்.

அத்தனை சின்ன வாஷர் பதுளைக் கடைகளில் இல்லை. தேயிலைப் பெட்டிகளுக்கு உட்புறம் போடும் ஈயத்தாளின் கிழிசல் ஒன்று பெக்டரி மூலையில் கிடந்தது. அதை வட்டம் வட்டமாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கூடினால் இறுகியது, குறைந்தால் கரகரத்தது. கடைசியில் சத்தம் அடங்கியது.

பயம்தான் அடங்கவில்லை. தேயிலை திருட்டுப் போகாமலிருக்க, வெளியே போகிற எல்லாரையும் வாசலில் வாட்சர் தடவிப் பார்ப்பார். ஈயத்தாளும் தோட்டத்துச் சொத்துதானே. அவர் காரைத் தலைகீழாகப் புரட்டி, காதருகே வைத்து ஆட்டினார்.

"உள்ளுக்கு என்னா வச்சிருக்க?"

"பல்சக்கரந்தாண்ணே. தொரை வீட்டு சாமான், பாத்து ஆட்டுங்க."

தொரை என்றதும் மனிதர் சட்டென்று கையில் கொடுத்துவிட்டார்.

பங்களா வாசலில் தொரையே ஓட்டிப் பார்த்தார். பூச்சட்டிகளைச் சுற்றிக் கார் சத்தமில்லாமல் வளைந்தது. உடைந்ததை எப்படிச் சொல்வதென்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஒடஞ்ச வாஷருக்கு என்னா செஞ்ச?"

வாஷரைப் பற்றி நான் ஒருவரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை.

"மொதல்ல நான்தான் தொறந்து பாத்தேன். தொரைசானி கேட்டா, நீ தொறக்கையில ஒடஞ்சிச்சின்னு சொல்லிரு."

எனக்கு உச்சி வரை கோபம் ஏறியது. சோறு இறங்காமல் நான் செத்துப் பிழைத்திருக்கிறேன், இவர் பெண்டாட்டிக்குப் பயந்து பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"சரிங்க தொரை."

தொரைசானி வெளியே வந்து என்ன கோளாறு என்று கேட்டார். தொரை சொல்லச் சொன்னதையே சொன்னேன். இவ்வளவு விலையான சாமானைக் கவனமாகத் தொடத் தெரியாதா என்று அவர் முகத்தைச் சுளித்தார்.

"விடு, பாவம். தெரியாம செஞ்சிட்டான்" என்று தொரை எனக்காகப் பரிந்து பேசினார்.