புதன்கிழமையே கிளம்பியவள்

அவரைத் தோட்டத்தில் காய் பறிக்கும்போது முதல் தடவை தேனீ கொட்டியது. கொட்டியது கையில், வீங்கியதோ உதடு. உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டையில் அடைப்பு. மாமியார் கம்பளியால் தேய்த்தார், மிளகை மெல்லச் சொன்னார். என் கணவர் மாட்டுவண்டியைப் பூட்டினார். ஆனால் அன்று செவ்வாய்க்கிழமை, மூன்று மணி தாண்டியிருந்தது.

"ராவுகாலத்துல வாசப்படி தாண்டக்கூடாது" என்று மாமியார் குறுக்கே நின்றுவிட்டார். நான் மூச்சுக்குத் தவிக்க, வீடே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது என்னிடம் பாதி உயிர்தான் மிச்சம்.

ஊசி போட்டுப் பிழைக்கவைத்த டாக்டர் எல்லோரையும் ஏசினார். "மறுபடி கொட்டினா இன்னும் மோசமாகலாம். உதடு வீங்கினா, குரல் கம்மினா, மூச்சு இழுத்தா, தேய்க்கிறது மெல்லுறதெல்லாம் வேண்டாம். உடனே கிளம்பிடணும்."

மாமியாருக்கு ராகுகாலத்தையும் விட மனமில்லை, என்னையும் விட மனமில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நல்ல நேரத்தில் ஊருக்குக் கிளம்ப முடியாதவர்கள் துணிமூட்டையை மட்டும் முன்னதாக அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். மூட்டை வெளியேறிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதன்படி, வாராவாரம் புதன்கிழமை நல்ல நேரத்தில் என் புடவை ஒன்று எதிர்வீட்டுக்குப் போனது.

"இனிமே நீ எப்பவும் கெளம்பினவதான்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருக்கிறேன், நான் கிளம்பிவிட்டேனாம்! எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா வேறு, பயணமெல்லாம் சௌக்கியமா என்று தினமும் விசாரிப்பார்.

அடுத்த அவரைப் பருவத்தில் கழுத்தில் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சுத்த ராகுகாலம். என் குரல் கம்மியதுமே மாமியார் என்னை அள்ளி வண்டியில் போட்டு, தானும் ஏறிக்கொண்டார். கம்பளி இல்லை, மிளகு இல்லை.

"அவ பொதன்கெழமையே கெளம்பிட்டா, ஓட்டுடா!" என்று மகனை விரட்டினார்.

டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, "எப்போ கிளம்பினீங்க?" என்று கேட்டார்.

மாமியார் பெருமையாகச் சொன்னார். "பொதன்கெழமைங்க."

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "மூச்சு விடமுடியாத பொண்ண வச்சிக்கிட்டு இவ்வளவு நாளா எங்கம்மா சுத்திட்டிருந்தீங்க?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீங்கிய தொண்டையில் அது கரகரவென்று என்னவோ போல வந்தாலும், சிரிப்புத்தான்.

அந்தச் சத்தம் கேட்டதும் மாமியார் என் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "சிரிக்கிறாளே, பொழச்சிக்கிட்டாளே" என்று ஓவென்று அழுதார்.